ஒன்பதாவதை எழுதாதீங்க

19 ஆகஸ்ட், சனி

இது அவருடைய டைரி. உரக்கடையில் இலவசமாகக் கொடுத்தது. ஜூலை முப்பதோடு அவர் எழுத்து நிற்கிறது. மிச்சப் பக்கமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. வீணாகப் போவானேன் என்று நான் எழுதுகிறேன். என் பேர் சண்முகக்கனி. எட்டாவது வரை படித்தேன். பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். யாரும் படிக்கப் போவதில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்று நாள் ஆகிறது. இன்று கடை ஷட்டரை நானே தூக்கினேன். பத்திர ஆபீஸுக்கு எதிரே மூன்றாவது கடை. டைப்பிங், ஜெராக்ஸ், கோயில் கொடை நோட்டீஸ், சடங்குப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இருபத்திரண்டு வருஷமாக என் வீட்டுக்காரர் மந்திரமூர்த்தி அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். புளியங்குடியில் பாதிப் பேருக்கு அஞ்சலி போஸ்டர் அடித்தவர். அவர் போனதற்கு அஞ்சலி போஸ்டர் வேறு கடையில் அடித்தோம். இங்கே கம்ப்யூட்டர் ஓடவில்லை.

அந்த வேறு கடைக்காரன் வாக்காளர் அட்டைப் படத்தைப் போட்டுவிட்டான். களவாணி மாதிரி இருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு, அவன் அறுபத்தொன்று என்று அடித்திருக்கிறான். பதினாறு நாளும் தெருவில் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

நாற்பத்தொன்றாம் நாளுக்கும் இந்தத் தெருவில் ஒட்டுவார்கள். செப்டம்பர் பத்து வருகிறது. அதை நம் கடையில், நம் மிஷினில் அடிக்க வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டு அவர் சிரிக்கிற படம் ஒன்று இதற்குள் இருக்கிறது. வேறு எங்கும் இல்லை. அதில் ஓரத்தில் அவர் தோள்மேல் ஒரு கை தெரியும். அதை வெட்டிக்கொள்ளலாம்.

சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளையாக இங்கிலீஷ் வந்தது. அப்படியே நின்றது. அணைத்துப் போட்டேன். அதே.

ரெண்டு மாசமாகவே அவர் சொல்லிக்கொண்டிருந்தார், இதில் உள்ள விண்டோஸ் கெட்டுவிட்டது, லினக்ஸ் என்று ஒன்று போடணும், வைரஸ் பிடிக்காதாம் என்று. ஜூலைப் பக்கத்தில் அது போடும் முறையை எழுதி வைத்திருக்கிறார். ஒன்று முதல் ஒன்பது வரை. அதற்கான பென்டிரைவும் டிராயரில் இருக்கிறது, நூல் சுற்றி.

யாரோ சொல்லச் சொல்ல எழுதியது அது. அவர் பழக்கம் அப்படி. வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் அப்படியே அடிப்பார். ஒரு எழுத்து மாற்ற மாட்டார். "மாமா பேர விட்டுட்டேன், இருங்க யோசிக்கேன்" என்று சொன்னால் அதையும் அடித்துவிட்டுப் பிறகு அழிப்பார். இதிலும் "பதறாதீங்க, ஒன்றும் ஆகாது", "எழுதிட்டீங்களா" எல்லாம் இருக்கிறது. ஜெராக்ஸ் மிஷினுக்கு டோனர் பொடி கொண்டு வருகிற ஆள் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன். முதலாவதில் தேவையில்லாத ஒரு வரி இருக்கிறது. அதை விட்டுவிடலாம்.

ஒன்பதாவது இப்படி: "இங்கே கவனம். இதை இப்ப எழுதாதீங்க. அந்த இடத்துக்கு வந்ததும் சொல்லுறேன்."

எழுதாதீங்க என்று சொன்னதையும் எழுதி வைத்திருக்கிற மனுஷன்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

இரண்டாவது: "சுவிட்ச் போட்டதும் எஃப் 12 பட்டனை விடாம தட்டுங்க."

தட்டினேன். காலை முழுக்கத் தட்டினேன். அதே கறுப்புத் திரை. முப்பது தடவை அணைத்துப் போட்டிருப்பேன். விரல் வலிக்கிறது.

மூன்று மணிக்கு அவர் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த துணிப் பையில் கிடந்ததை நேற்றுத்தான் எடுத்துச் சார்ஜ் போட்டிருந்தேன். "டோனர் சர்வீஸ்" என்று பேர் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வியாபாரம். கட் பண்ணினேன்.

அவரும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் மிஷின் துடைக்கிறேன் என்று கடைக்கு வந்துவிடுவார். நான் காப்பி கொண்டுவந்தால் இருமிக்கொண்டிருப்பார். மற்ற நாள் இருமல் இல்லை. பூட்டிய கடைத் தூசி என்று நினைத்து வாராவாரம் ஆடாதொடை இலை கொதிக்க வைத்துக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார்.

21 ஆகஸ்ட், திங்கள்

எஃப் 12 பட்டனே வேலை செய்யவில்லை என்று இன்றுதான் தெரிந்தது. பக்கத்துக் கடை பாத்துமுத்து அக்கா சொன்னாள். அவள் தையல் கடை. கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் மிஷின் தெரியும்.

"ஏளா கனி, அமுக்குனா துள்ளுதா பாரு. துள்ளலைன்னா அடியில குப்பை."

துள்ளவில்லை. ஊக்கை வைத்து நெம்பினாள். பட்டன் கழன்று என் மடியில் விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"உடைச்சிட்டியேக்கா!"

"உன் தலை. உள்ள பாரு."

உள்ளே மிக்சர் துண்டு. நாலு வருஷம் பழையதாக இருக்கும். சர்க்கரை, சர்க்கரை என்று நான் வீட்டில் மிக்சர் வாங்குவதை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது.

அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. போட்டேன்.

22 ஆகஸ்ட், செவ்வாய்

அக்கா திருப்பி மாட்டிக் கொடுத்த எஃப் 12-ஐத் தட்டினேன். பட்டியல் வந்தது. எதை அமுக்கினேனோ மறுபடி கறுப்பு.

24 ஆகஸ்ட், வியாழன்

நாலாவது தாண்டிவிட்டது. "எழுத்தா ஓடும், பயந்துடாதீங்க" என்று எழுதியிருக்கிறது. எழுத்து ஓடியது. பயந்தேன். பிறகு பச்சையாக ஒரு படம் வந்து நின்றது. இது பென்டிரைவில் இருந்து ஓடுவதாம், இன்னும் உள்ளே இறங்கவில்லையாம்.

இடது ஓரத்தில் நம் மிஷினின் பழைய வட்டு, அதுதான் ஹார்ட் டிஸ்க், ஒரு பெட்டிப் படமாகத் தெரிந்தது. இதற்குள்தானே அவர் படம் இருக்கிறது, எடுத்துக்கொண்டால் போதுமே என்று அதைத் தட்டினேன். திறக்க முடியாது என்று இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்தது. பத்துத் தடவை தட்டினேன். பத்துத் தடவையும் அதே பெட்டி. வீட்டுக்குள் ஆள் இருந்தும் கதவைத் திறக்காத மாதிரி.

மொழி என்று கேட்ட இடத்தில் தமிழ் இருந்தது. சந்தோஷமாக அமுக்கினேன். வந்த தமிழைப் பார்த்தால் இங்கிலீஷே தேவலை. "பகிர்வுகளை ஒதுக்குக", "ஏற்றியை நிறுவுக" என்கிறது. யார் வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்?

25 ஆகஸ்ட், வெள்ளி

விசைப்பலகை எது என்று கேட்டது. அவர் விரல் பழகியது பழைய தமிழ் டைப்ரைட்டர் முறை. எனக்கும் ரெண்டு விரலால் அதுதான் தெரியும். அதையே கொடுத்தேன். ஏழாவதில் "இங்கிலீஷ் மட்டும் போதும்" என்று இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகை அடிக்கிற கடைக்கு எதற்கு இங்கிலீஷ்?

பிறகு ஒன்பதாவது இடம் வந்தது. நாலு வரி. முதல் வரி "வட்டினை அழித்து நிறுவுக". அது ஏற்கெனவே குறி போட்டு நிற்கிறது. நான் தொடவே இல்லை.

அழித்து என்றால் அவர் படமும் போகும். இருபத்திரண்டு வருஷம் அடித்ததும் போகும்.

அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

26 ஆகஸ்ட், சனி

ஜேசுதுரையைக் கூப்பிட்டேன். பஸ் ஸ்டாண்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். அவரை அண்ணாச்சி என்பான். என்னை மைனி என்பான்.

"எதுக்கு மைனி ஒங்களுக்கு இந்த வேலை? லினக்ஸ்லாம் பெரிய பெரிய கம்பெனிக்காரன் போடுதது. கொடை நோட்டீஸ் அடிக்க எதுக்கு?"

"அவிய போடணும்னு சொன்னாவ."

"அண்ணாச்சி ஆயிரம் சொல்லுவாவ. நான் சுத்தமா அழிச்சிட்டு பழைய மாதிரியே போட்டுத் தாரேன். அரை மணி நேரம்."

"உள்ள இருக்குதது?"

"என்ன இருக்கப் போவுது? அவம் அவம் சடங்குப் பத்திரிகை. அந்தப் பிள்ளையளுக்கெல்லாம் இப்ப பேரப்பிள்ளை பிறந்திருக்கும்."

போன வருஷம் சர்ச் கம்ப்யூட்டரை இப்படித்தான் சுத்தம் செய்தான். ஞானஸ்நானப் பதிவு எல்லாம் சுத்தமாகிவிட்டது. பாதிரியார் இன்னும் அவன் முகத்தில் விழிப்பதில்லை. காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

போகும்போது, "ஒன்பதாவது யாரு சொல்லணும்னு போட்டிருக்கோ அவங்கிட்டயே கேளுங்க மைனி" என்றான். கோபத்தில் சொன்னது.

27 ஆகஸ்ட், ஞாயிறு

மூன்று மணி. டோனர் சர்வீஸ். அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. கட் பண்ணவும் இல்லை.

பிறகு ஒரு மெசேஜ் வந்தது. இங்கிலீஷ் எழுத்து. எழுத்துக் கூட்டினேன். முதலில் ஏ, பி, பி, ஏ.

அதற்கு மேல் எழுத்துக் கூட்டவில்லை. கண் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும்.

29 ஆகஸ்ட், செவ்வாய்

இன்று செய்தது தப்பு.

காலையிலிருந்து மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்து ஒன்பதில் நின்றேன். தெருவில் ஒருத்தர் வந்து, "அண்ணாச்சி கடை இனிமே இல்லியா? அங்க போயி அடிச்சிக்கிடட்டுமா?" என்றார். வயதை அறுபத்தொன்று என்று அடித்தானே, அவன் கடையைக் கையைக் காட்டிக் கேட்கிறார். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. வந்தவர் மேலா, மிஷின் மேலா, சொல்லாமல் போன மனுஷன் மேலா. அழிந்தால் அழியட்டும் என்று "இப்போதே நிறுவுக" என்பதை அமுக்கிவிட்டேன்.

ஒரு பெட்டி வந்தது. மாற்றங்களை எழுதலாமா, தொடரவா என்று கேட்டது. கை மவுஸின் மேல் இருக்கிறது.

கரண்ட் போய்விட்டது.

மாசத்துக்கு ஒருநாள் பராமரிப்பு என்று நிறுத்துவார்கள். இன்று அந்த நாள். யூபிஎஸ் பேட்டரி செத்து ஒரு வருஷம். மாற்றுங்கள் மாற்றுங்கள் என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். அது மட்டும் ஓடியிருந்தால்.

இருட்டின கடையில் உட்கார்ந்திருந்தேன். பாத்துமுத்து அக்கா எட்டிப் பார்த்து, "ஏளா, பேய் அடிச்ச மாதிரி இருக்கியே" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அழிந்ததா இல்லையா தெரியவில்லை. போட்டுப் பார்க்கவும் தைரியம் இல்லை.

30 ஆகஸ்ட், புதன்

கடை திறக்கவில்லை.

31 ஆகஸ்ட், வியாழன்

விட்டுவிடலாம் என்று சொன்னேனே, முதலாவதில் உள்ள அந்த வரி, அதை எழுதிவிடுகிறேன். "பென்டிரைவை இடது பக்க ஓட்டையில சொருகுங்க. வலது பக்கம் நான் காலேஜ் படிக்கும்போதே கெட்டுப்போச்சு, ஞாபகம் இருக்கா, என்னைத் திட்டுனீங்க."

டோனர்காரன் நம் கடையில் உட்கார்ந்து காலேஜ் படிக்கவில்லை.

எனக்கு ஒரு மகள். ஆவுடைச்செல்வி. அவர் பாப்பா என்பார். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் அண்ணன் மகனுக்குப் பேசி நிச்சயம் செய்தோம். அவள் வேண்டாம் என்றாள். அப்பா, பத்திரிகை அடிக்காதீங்க என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அடிங்க என்றேன். சொன்னதை அப்படியே அடிக்கிறவர்தானே. நானூறு பத்திரிகை அடித்தார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது புனேயில் வேலை கிடைத்திருக்கிறது என்று போய்விட்டாள். தனியாகத்தான் போனாள். அண்ணன் எங்கள் வாசலில் நின்று பேசினதை எழுத முடியாது. நான் தெருவில் மண்ணள்ளித் தூற்றினேன். நாலு பேர் பார்க்கத் தூற்றினேன்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி அவரை வாசலில் கிடத்தியிருந்தபோது பாத்துமுத்து அக்கா என் காதில், "பிள்ளைக்குச் சொல்லணும்லா" என்றாள். நான், "எனக்குப் பிள்ளை இல்ல. யாரும் சொன்னீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றேன். யாரும் சொல்லவில்லை. போஸ்டரிலும் அவள் பேர் போடவில்லை. வயது தப்பு என்று அந்தக் கடைக்காரனைத் திட்டினேன். பேர் விட்டது அவனில்லை.

ஆக, ஒன்பதாவது அவளுக்குத்தான் தெரியும். அவளுக்கு இது தெரியாது.

3 செப்டம்பர், ஞாயிறு

ரெண்டரைக்கே கடைக்கு வந்துவிட்டேன். மூணு மணிக்கு அடித்தது. எடுத்தேன்.

"அப்பா! ஒரு மாசமா எங்க போனீங்க? அந்த லினக்ஸ் போட்டாச்சா இல்லையா? ஒன்பதாவதுல தனியா கை வைக்காதீங்கன்னு சொன்னேன்ல?"

அந்தக் குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது. மற்றபடி அப்படியேதான்.

"அப்பா? அம்மா பக்கத்துல இருக்காளா? இருந்தா எப்பவும் போல இருமுங்க."

எச்சிலை விழுங்கப் போனேன். இருமல் வந்துவிட்டது.

"சரி சரி, வச்சிடுறேன். அடுத்த வாரம்" என்று வைத்துவிட்டாள்.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை! எத்தனை டம்ளர் ஆடாதொடை! கசக்கிறது என்று ஒரு நாள் சொன்னதில்லை அந்த மனுஷன்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. பிறகு நானே அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"நான்தான்" என்றேன்.

பின்னால் பிரஷர் குக்கர் விசில் கேட்டது.

"ஒன்பதாவதுல என்ன செய்யணும்?" என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன். வேறு எதைக் கேட்பது?

"அப்பா எங்க? அப்பாகிட்ட குடு."

"ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி" என்றேன். "காலையில. ஷட்டரைத் தூக்கும்போது."

அவள், "இன்னைக்கு மூணு" என்றாள். பிறகு, "செப்டம்பர் மூணு" என்றாள்.

வைத்துவிட்டாள். குக்கரை அணைத்தாளா தெரியவில்லை.

4 செப்டம்பர், திங்கள்

இல்லை.

5 செப்டம்பர், செவ்வாய்

இன்றும் போன் வரவில்லை. பாத்துமுத்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். துணி வெட்டிக்கொண்டே, "நீ தூத்துன மண்ணு உன் கண்ணுலதாம்ளா விழுந்து கிடக்கு. அவ அடிப்பா. அடிக்கலைன்னாலும் உனக்குக் குறை சொல்ல வாயி இல்ல" என்றாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

6 செப்டம்பர், புதன்

பதினோரு மணிக்கு அடித்தாள். "பேனா எடுத்துக்கோ" என்றாள். "மிஷினைப் போட்டு எட்டு வரைக்கும் வா. நான் லைன்லயே இருக்கேன்." வந்தேன். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். டைரியில் அவர் ஒன்பதாவது எழுதின பக்கத்திலேயே எழுதினேன். வேகமாகச் சொன்னாள். எதை எழுதுவது எதை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் எழுதினேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"9. இங்கே கவனம்னு அப்பா எழுதியிருப்பாங்க, அதுக்குக் கீழே எழுது. நான் அழல, ஜலதோஷம். நாலு வரி தெரியுதா? முதல் வரியைத் தொடாதே. என்னது, அமுக்கிட்டியா? எப்ப? கரண்ட் போச்சா? அடுத்த பெட்டியில தொடர்னு அமுக்கலைல? அப்போ அழியல. நல்லவேளை அந்த யூபிஎஸ் செத்துச்சு. கடைசி வரியை அமுக்கு, வேறு ஏதாவதுன்னு இருக்கும். பட்டியல் வந்துச்சா? அப்பா மிஷினை ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்காங்க. மேலே உள்ளது கெட்டுப்போனது, அதுலதான் புதுசைப் போடணும். கீழே உள்ளதைத் தொடாதே. அதுலதான் அப்பா இருக்காங்க. எழுதிட்டியா? முப்பத்து மூணு நாள் நீ எனக்குச் சொல்லல. இதையும் எழுது. பதினெட்டாந்தேதி என் பிறந்தநாளுக்கு ஆபீஸ்ல கேக் வச்சாங்க. நான் சிரிச்சிக்கிட்டே வெட்டினேன். எழுது. அன்னைக்கு அப்பா போன் பண்ணலைன்னு அப்பா மேல கோபப்பட்டேன். எழுதிட்டியா? மேலே உள்ளதை ரெண்டு தடவை தட்டு. எக்ஸ்ட் ஃபோர்னு இருக்கும், அதை எடு. அதுக்குப் பக்கத்துல சின்னக் கட்டம் இருக்கும், அதுல குறி போடு. கீழே ஒரு சாய்வு கோடு மட்டும் கொடு. இப்ப நிறுவுகன்னு அமுக்கு. பெட்டி வரும். படி. எதை எழுதப் போறேன்னு சொல்லுது? மேலே உள்ளதுதானே? ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை படி. சரி. தொடர். அமுக்கும்மா. பதறாதே, ஒன்றும் ஆகாது."

அமுக்கினேன். ஒரு பச்சைக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. இருபது நிமிஷமும் அவள் போனை வைக்கவில்லை.

7 செப்டம்பர், வியாழன்

மறுபடி தலைவலி. நேற்றுக் கடைசியில் கடவுச்சொல் ஒன்று வைக்கச் சொன்னது. அவர் பேரைத் தமிழில் அடித்து வைத்தேன். திரையில் வெறும் புள்ளிதான் தெரிந்தது. இன்று அதையே அடித்தால் தப்பு என்கிறது. நாற்பது தடவை அடித்தேன். என் வீட்டுக்காரர் பேரை எனக்கே தப்பு என்கிறது.

அவளுக்கு அடித்தேன். வேலையில் இருக்கிறாள் போல, மெதுவாகப் பேசினாள்.

"கீபோர்டு என்ன கொடுத்த?"

"தமிழ்."

"ஏழாவதுல என்ன எழுதியிருக்கு?"

"இங்கிலீஷ் மட்டும் போதும்னு."

"பின்ன?"

"தமிழ்ப் பத்திரிகை அடிக்குத கடைக்கு இங்கிலீஷ் எதுக்குன்னு…"

மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. "நீ வைக்கும்போது அது தமிழ்ல இருந்துச்சும்மா. இப்ப உள்ளே விடுற இடத்துல இங்கிலீஷ்ல நிக்குது. மேலே மூலையில பாரு, மாத்தலாம்" என்றாள்.

மாற்றி அடித்தேன். உள்ளே விட்டது.

9 செப்டம்பர், சனி

கீழே உள்ள பெட்டியும் திறக்க மாட்டேன் என்றது. அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, கறுப்புப் பெட்டியில் ஒரு வரி அடித்தேன். மூன்று தடவை தப்பு. நாலாவது தடவை திறந்தது. எல்லாம் இருக்கிறது. கொடை, சடங்கு, அஞ்சலி, வருஷவாரியாக.

ஆனால் அவர் செய்து வைத்த போஸ்டர் எதையும் இது திறக்கவில்லை. பூப் போட்ட ஓரம், விளக்கு, புறா ஒன்றும் வராது. அது வேறு ஏதோ சாப்ட்வேரில் செய்ததாம். அவ்வளவு பாடுபட்டு இதுதானா என்று மேசையில் குத்தினேன். படம் மட்டும் திறந்தது. வெள்ளைச் சட்டை. சிரிப்பு. தோள்மேல் அந்தக் கை, சிவப்புக் கண்ணாடி வளையலோடு. அந்த வளையல் நான் சங்கரன்கோவில் தபசுத் திருவிழாவில் வாங்கிக் கொடுத்தது.

வெட்டவில்லை. வெட்டவும் தெரியாது.

வெறும் வெள்ளைத் தாளில் படம், பேர், சரியான வயது. கீழே பேர்கள் போட வேண்டும். அவளிடம் கேட்டேன்.

"என் பேரைப் போடுவியா?"

"சொல்லு, அடிக்கேன்."

"மாமா வந்து கத்துவாரு."

"சொல்லுட்டி."

"மகள் ஆவுடைச்செல்வி. முதல்ல. உன் பேருக்கு மேலே" என்றாள். குரலில் சண்டை இருந்தது. நான் மறுப்பேன் என்று காத்திருந்தாள்.

ரெண்டு விரலால் அடித்தேன். பிரிண்டர் ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது. அதற்கு மட்டும் என்ன புண்ணியம் செய்தேனோ.

10 செப்டம்பர், ஞாயிறு

நாற்பத்தொன்றாம் நாள். படையல் போட்டேன். மிக்சரும் வைத்தேன். பாத்துமுத்து அக்கா பசை காய்ச்சிக் கொண்டுவந்தாள். ரெண்டு பேருமாக பத்திர ஆபீஸ் சுவரிலிருந்து எலுமிச்சை மார்க்கெட் வரை ஒட்டினோம்.

ஜேசுதுரை வண்டியை நிறுத்திப் படித்தான். "மைனி, மனைவி பேருதான முதல்ல வரும்? தப்பால்லா அடிச்சிருக்கிய?"

"சொன்னதை அப்படியே அடிக்குத கடைப்பா இது" என்றேன்.

மூணு மணிக்குக் கடையில் இருந்தேன். போன் அடித்தது. இன்னும் டோனர் சர்வீஸ் என்றுதான் பேர் வருகிறது. அதை எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடம்தான் கேட்க வேண்டும். பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு எடுத்தேன்.